குதிருக்குள் ஒரு அருங்காட்சியகம்: கேப் டவுனின் ஸைட்ஸ் மோக்கா

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தில் 57 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் தானியக் குதிர் நிற்கிறது. 1924-இல் கட்டி முடித்தார்கள். உள்நாட்டு வயல்களிலிருந்து வந்த மக்காச்சோளத்தை இங்கே தரம் பிரித்து, சேமித்து, கப்பலில் ஏற்றினார்கள். ஒரு காலத்தில் நகரத்தில் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும் கட்டடம் அது. 2001-இல் அதன் வேலை நின்றுபோனது. அப்புறம் பத்து வருடத்துக்கு மேல் அதை என்ன செய்வதென்று யாருக்கும் விளங்கவில்லை. இடிக்க முடியாத அளவுக்குப் பழமை, வாடகைக்கு விட முடியாத அமைப்பு. உள்ளே பெரும்பகுதியில் அறைகளே கிடையாது. தேனடைபோல ஒட்டி நின்ற 42 செங்குத்துக் குழாய்கள்தான் இருந்தன.

2017 செப்டம்பர் 22 அன்று அதே கட்டடம் ஸைட்ஸ் மோக்கா என்ற பெயரில் திறந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடையேயும் உருவாகும் தற்காலக் கலைக்கென்று இந்தக் கண்டத்தில் எழுந்த மிகப் பெரிய அருங்காட்சியகம். ஒன்பது தளங்கள், 6,000 சதுர மீட்டர் காட்சி இடம், 50 கோடி ராண்ட் செலவு. உலகப் பத்திரிகைகள் கொண்டாடின. எட்டே மாதத்தில் அதன் இயக்குநர் பதவியை விட்டு வெளியேறினார். நிறுவனம் ஆட்டம் கண்டது. ஆனால் அடுத்த ஏழு ஆண்டுக்குள் உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் இங்கே உருவான கண்காட்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடமும் பணமும் முதல் நாளே முழுமையாக இருந்தன. சுவரில் எதை மாட்டுவது என்று முடிவெடுப்பவர்கள் மாறிய பிறகுதான் அந்த இடத்துக்கு உயிர் வந்தது.

குதிருக்கு முன்னால் இருந்த நகரம்

கலை இல்லாத ஊரில் யாரோ வந்து அருங்காட்சியகம் கட்டிக்கொடுத்தார்கள் என்று நினைத்தால் கதையே தப்பாகிவிடும். நகர மையத்தில் உள்ள கம்பெனி கார்டன் பூங்காவில் 1930 முதல் தென்னாப்பிரிக்க தேசிய ஓவியக்கூடம் இருக்கிறது. இப்போது இஸிகோ என்ற அரசு அருங்காட்சியகக் குழுமத்தின் ஒரு பகுதி. ஜேன் அலெக்சாண்டர் 1980-களின் நடுவில் செய்த 'புட்சர் பாய்ஸ்' அங்கேதான் இருக்கிறது: மனித உடலும் கொம்பும் கொண்ட மூன்று உருவங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். நிறவெறி ஆட்சி மனிதனை என்னவாக ஆக்கியது என்பதை அவ்வளவு நேரடியாகச் சொன்ன சிற்பம் குறைவு.

அதே கூடத்தின் சேகரிப்பில் இன்னொரு ஓவியம் உண்டு. 1962-இல் ரோனால்ட் ஹாரிசன் என்ற 22 வயது இளைஞர் வரைந்தது. சிலுவையில் தொங்கும் ஏசுவுக்கு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்தூலியின் முகம். பக்கத்தில் நிற்கும் ரோமானிய வீரர்களுக்குப் பிரதமர் வெர்வூர்ட், நீதி அமைச்சர் ஃபோர்ஸ்டர் ஆகியோரின் முகங்கள். கேப் டவுனின் சால்ட் ரிவர் பகுதி தேவாலயம் ஒன்றில் அதைத் திறந்து வைத்தார்கள். அரசு தடை போட்டது, ஹாரிசனைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. ஓவியம் ரகசியமாக இங்கிலாந்துக்குப் போய், முப்பது ஆண்டுக்கு மேல் மறைவாக இருந்து, 1997-இல்தான் ஊர் திரும்பியது. இந்த நகரத்தில் யார் படத்தை எங்கே மாட்டலாம் என்பது வெறும் ரசனை சார்ந்த விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை. ஸைட்ஸ் மோக்கா திறந்தபோது எழுந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தனியார் கேலரிகள் பெருகின. 2003-இல் தொடங்கிய ஸ்டீவன்சன், 1966-லேயே ஜோஹன்னஸ்பர்கில் பிறந்து பின்னர் இங்கேயும் கிளை விரித்த குட்மேன் கேலரி, இப்படிப் பல. வுட்ஸ்டாக் என்ற பழைய தொழிலாளர் பகுதியில் கிடங்குகளும் பட்டறைகளும் கேலரிகளாக மாறின. 2013 முதல் ஆண்டுதோறும் கலைச் சந்தை நடக்கிறது. பெயரும் சந்தையும் வளர்ந்தன. வுட்ஸ்டாக்கில் வாடகையும் வளர்ந்தது. பழைய குடியிருப்பாளர்கள் வெளியேறும் நிலை வந்தது. ப்ராம்வெல் தெருக் குடும்பங்களின் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. கேலரிகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை, ஆனால் அவற்றுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இவ்வளவு இருந்தும் ஒன்று குறைந்தது. பொது அருங்காட்சியகங்களிடம் புதிய படைப்புகளை வாங்கப் பணம் இல்லை. நாட்டின் நல்ல கலைஞர்கள் செய்தது வெளிநாட்டுச் சேகரிப்பாளர் வீட்டுக்குப் போனது. உள்ளூர்ப் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில்தான் பார்க்க முடிந்தது.

பணம் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது

துறைமுகத்தை ஒட்டிய வாட்டர்ஃப்ரண்ட் வளாகம் கடைகள், விடுதிகள், உணவகங்கள் என்று சுற்றுலாப் பயணிகள் குவியும் இடம். மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்குப் படகு ஏறுவதும் இங்கேதான். வளாகத்தின் சொந்தக்காரர்கள் இருவர்: ஒரு பாதி ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம், மறுபாதி அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி. ஆசிரியர்கள், செவிலியர்கள், போலீஸ்காரர்களின் ஓய்வூதியப் பணம் இந்த வளாகத்தில் இருக்கிறது என்பது அருங்காட்சியகத்தைப் பற்றிய விவாதங்களில் அதிகம் அடிபடாத தகவல். பேசப்பட வேண்டிய தகவல் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோஹன் ஸைட்ஸ் ஜெர்மானியர், பூமா என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தை நீண்ட காலம் நடத்தியவர். ஆப்பிரிக்கக் கலையைப் பெரிய அளவில் வாங்கிச் சேர்த்தவர், அதை வைக்க ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார். அவருக்காக வாங்கிக் குவித்தவர் மார்க் குட்ஸியா என்ற தென்னாப்பிரிக்கக் கியூரேட்டர், அதாவது படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் காட்சிக்கு அமைப்பவர். வாட்டர்ஃப்ரண்டிடம் குதிர் இருந்தது, ஸைட்ஸிடம் படைப்புகள் இருந்தன. 2013 நவம்பரில் வளாகமும் ஸைட்ஸும் சேர்ந்து அருங்காட்சியகத்தை அறிவித்தார்கள். கட்டடச் செலவு வளாகத்துடையது. சேகரிப்பு ஸைட்ஸின் வாழ்நாள் வரை அல்லது 20 ஆண்டு, எது நீளமோ அதுவரை கடன்.

கடன் என்பதைக் கவனிக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர் நிரந்தரம், படைப்புகள் நிரந்தரமல்ல. திறப்பு விழா ஆரவாரத்தில் இதைப் பெரிதாக யாரும் பேசவில்லை.

குழாய்களை அறுத்த விதம்

கட்டடக் கலைஞர் தாமஸ் ஹெதர்விக் லண்டன்காரர். அவர் முன்னால் இருந்த சிக்கல் எளிதில் விளங்கக்கூடியதுதான். குழாய்கள் ஒவ்வொன்றும் ஒடுக்கம். அவற்றுக்குள் ஓவியத்தை மாட்டிப் பின்னால் நகர்ந்து பார்க்க இடமில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பழைய கட்டடம் வெறும் கூடாகிவிடும், அப்புறம் அதைக் காப்பாற்றி என்ன பயன்? அவர் ஒரு மக்காச்சோள மணியை எடுத்து, அதன் வடிவத்தைக் கணினியில் ஏற்றி, பத்து மாடி உயரத்துக்குப் பெரிதாக்கினார். அந்த மணி கட்டடத்தின் நடுவில் நின்றால் எந்தெந்தக் குழாயை எங்கெங்கே தொடுமோ, அங்கெல்லாம் வெட்டி எடுத்தார்கள்.

சொல்ல எளிது. குழாய்ச் சுவர்கள் மெல்லியவை. அப்படியே அறுத்தால் சரிந்துவிடும். முதலில் உள்பக்கம் புதிய கான்கிரீட் உறை ஊற்றி இறுகவிட்டு, பிறகு பழையதையும் புதியதையும் சேர்த்து அறுத்தார்கள். அறுத்த விளிம்புகளை மெருகேற்றினார்கள். இன்று நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்த விளிம்பில் இரண்டு காலம் ஒட்டி நிற்பது தெரியும்: வெளிப்பக்கம் 1920-களின் சொரசொரப்பான கலவை, கூழாங்கல் பல்லிளிக்கும், உள்பக்கம் வழவழப்பான புதுக் கான்கிரீட். குழாய்கள் வட்டமும் நீள்வட்டமுமாக மேலே விரிய, உச்சியில் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும்.

திறப்பு விழாவின்போது அந்தக் கூடத்தில் நிக்கோலஸ் ஹ்லோபோவின் பெரிய பறவை தொங்கியது. கொசா மக்களின் நம்பிக்கையில் இம்புண்டுலு என்ற மின்னல் பறவை உண்டு. ஹ்லோபோ அதை டயர் ட்யூபை வெட்டி, வண்ண ரிப்பனால் தைத்துச் செய்தவர். 2011-இல், ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் காட்டியது. கறுத்த ரப்பர் மடிப்புகளுக்கு நடுவே ரிப்பன் தையல் ஓடுவதை நெருங்கிப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். தூரத்தில் அசுரத்தனம், கிட்டே போனால் பொறுமையான கைத்தையல்.

நடுக்கூடத்தைத் தாண்டிப் போனால் காட்சி அறைகள் சாதாரண வெள்ளைப் பெட்டிகள்தான். ஜன்னல் இல்லாத அறைகள் அடுத்தடுத்து. அத்தனை திறமையும் நடுக்கூடத்தில் செலவாகிவிட்டது. மேல்தளங்களில், வெளியே புடைத்து நிற்கும் கண்ணாடி ஜன்னல்களுக்குப் பின்னால், வசதியானவர்கள் தங்கும் விடுதி. ஊர் முழுக்கத் தெரியும் அந்த மின்னும் ஜன்னல்கள் கலையுடையவை அல்ல, விடுதியுடையவை.

எட்டு மாதம்

முதல் தொகுப்பில் நல்ல படைப்புகள் நிறைய இருந்தன. 2013-இல் அங்கோலாவுக்கு வெனிஸ் பினாலேயின் தங்கச் சிங்க விருதை வாங்கிக்கொடுத்த எட்சன் சாகஸின் லுவாண்டா புகைப்படங்கள் அவற்றில் ஒன்று. தரத்தில் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. சேகரித்தவர் ஒரு வெள்ளை ஐரோப்பியர், வாங்கியவர் ஒரு வெள்ளைக் கியூரேட்டர், கட்டியவர் ஒரு வெள்ளை ஆங்கிலேயர். அறங்காவலர் குழுவின் நிறத்தையும் பலர் சுட்டிக்காட்டினார்கள். 2015-இல்தான் இதே ஊரின் பல்கலைக்கழக மாணவர்கள் காலனியவாதி செசில் ரோட்ஸின் சிலையை இறக்க வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் சுவரிலிருந்து ஓவியங்களைக் கழற்றி எரித்த சம்பவமும் நடந்தது. எரிந்தவற்றில் கெரெசெமோஸே ரிச்சர்ட் பஹோலோ என்ற கறுப்பினக் கலைஞரின் ஓவியங்களும் இருந்தன. அந்தச் சூடு ஆறாத நகரத்தில், ஆப்பிரிக்காவின் சார்பில் பேச வந்த அருங்காட்சியகம் ஒரு தனிமனிதரின் ரசனையை ஆப்பிரிக்காவின் ரசனையாக வைத்தது. கேட்டவர்களின் கேள்வி நியாயமானது.

அடுத்தது நுழைவுக் கட்டணம்: 180 ராண்ட். தென்னாப்பிரிக்காவில் தேசியக் குறைந்தபட்சக் கூலி 2019 ஜனவரியில் வந்தபோது மணிக்கு 20 ராண்ட். அந்தக் கணக்கில் ஒரு டிக்கெட்டுக்கு ஒன்பது மணி நேர உழைப்பு. 18 வயதுக்குக் கீழே இலவசம், ஆப்பிரிக்கக் குடிமக்களுக்குப் புதன்கிழமை காலை 10 முதல் பகல் 1 மணி வரை இலவசம் என்ற ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் கூலி வேலைக்குப் போகிறவருக்குப் புதன்கிழமை காலை என்பது வேலை நேரம். கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் கயலிட்சா என்ற புறநகர், நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். அது போன்ற புறநகர்கள் அடங்கிய கேப் ஃபிளாட்ஸ் சமவெளியின் மக்களை நகரத்துக்குக் கொண்டுவந்த ரயில் பாதையே 2019 இறுதியில் நின்றுபோய், பல ஆண்டு கழித்துத்தான் படிப்படியாகத் திரும்பியது. வாசலை மட்டும் திறந்துவைத்தால் போதாத நகரம் அது.

2018 மே மாதம் குட்ஸியாவின் பணி நடத்தை குறித்து விசாரணை தொடங்கியிருப்பதாகவும், அவரை இடைநீக்கம் செய்ததாகவும், அவர் பதவி விலகியதாகவும் அறங்காவலர்கள் அறிவித்தார்கள். இயக்குநரும் அவரே, தலைமைக் கியூரேட்டரும் அவரே, சேகரிப்பை உருவாக்கியவரும் அவரே. ஒருவர் போனதும் மூன்று நாற்காலிகள் காலியாயின. நிறுவனத்தின் உண்மையான பலவீனம் அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது. நைஜீரியாவின் லாகோஸைச் சேர்ந்த அஸு ந்வாக்போகு இடைக்காலத்தில் பொறுப்பேற்று நடத்தினார்.

கோயோ குவோ

2019-இல் பொறுப்புக்கு வந்தவர் கோயோ குவோ. கேமரூனின் துவாலாவில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, செனகலின் டாக்கரில் 'ரா மெட்டீரியல் கம்பெனி' என்ற கலை மையத்தை ஆரம்பித்தவர். கையில் பெரிய பணமில்லாமல், பேச்சும் படிப்பும் கண்காட்சியுமாக ஒரு தலைமுறைக் கலைஞர்களை வளர்த்த மையம் அது. கட்டடம் பெரிது, மனிதர்கள் குறைவு என்ற நிலையில் இருந்த ஒரு இடத்துக்கு அவர் வந்தது நல்ல தற்செயல் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை நல்ல தேர்வு என்பேன்.

அவர் வந்து ஓராண்டு ஆவதற்குள் கொரோனா ஊரடங்கு. அருங்காட்சியகம் மூடியது. சுற்றுலாப் பயணிகளை நம்பி நின்ற வளாகம் வெறிச்சோடியது. மற்ற அருங்காட்சியகங்கள் இணையச் சுற்றுலா நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் குவோவின் குழு ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குவதைக் கொண்டுவாருங்கள், மாட்டுகிறோம். நகரின் பல பகுதிகளில் அவற்றைப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். 2020 அக்டோபரில் கதவு திறந்தபோது 2,000-க்கும் மேற்பட்ட படைப்புகள் தரையிலிருந்து கூரை வரை நெருக்கமாகத் தொங்கின. பெயர் பெற்ற ஓவியரின் படத்துக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளையின் கிறுக்கல், பாட்டியின் பூத்தையல், குடும்பப் புகைப்படம்.

கண்காட்சியாகப் பார்த்தால் சில அறைகள் நெரிசல்தான், எல்லாமே கலைத் தரத்தில் நிற்கும் என்றும் சொல்லமாட்டேன். ஆனால் நிர்வாக முடிவாக அதைவிடக் கூர்மையான ஒன்றை நான் அறியேன். தன் வீட்டுப் படம் தொங்கும் இடத்துக்கு ஒருவர் தனியாக வருவதில்லை. அண்டை வீட்டாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார். விளம்பரத்தால் கிடைக்காத உரிமை உணர்வு அப்படித்தான் கிடைக்கிறது. கண்காட்சிக்குக் குவோ வைத்த பெயர் 'ஹோம் இஸ் வேர் தி ஆர்ட் இஸ்'.

இன்னொரு மாற்றம் அமைதியாக நடந்தது. ஒரு அறைக்கு ஒரு கலைஞர் என்று நூறு பேரைச் சிதறவிடும் பழக்கத்தை விட்டு, ஒரே கலைஞரின் முழு வாழ்க்கையையும் காட்டும் கண்காட்சிகள் வந்தன. செஞ்சேனி மரசேலா ஆறு ஆண்டு சிவப்பு உடை உடுத்தி வாழ்ந்தவர். வேலை தேடி ஜோஹன்னஸ்பர்க் போய்த் திரும்பாத கணவனுக்காகக் காத்திருக்கும் தியோடோரா என்ற பெண்ணாக அவர் வாழ்ந்த அந்த ஆண்டுகளின் தையலும் ஓவியமும் இங்கே காட்சிக்கு வந்தன. 2022-இல் ட்ரேசி ரோஸின் பெரிய மீள்பார்வைக் கண்காட்சி. அது பிறகு நியூயார்க் போனது. முன்பெல்லாம் நியூயார்க்கில் தயாரான கண்காட்சிதான் இங்கே வரும்.

அருங்காட்சியகத்துக்குள்ளேயே ஒரு கூடத்தைக் கலைஞருக்குப் பட்டறையாகக் கொடுக்கும் திட்டமும் தொடங்கியது. முதலில் வந்தவர் கெமாங் வா லெஹுலேரே. இது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. 2006-இல் அவரும் நண்பர்களும் குகுலெத்து என்ற கறுப்பினக் குடியிருப்புப் பகுதியில் ஒரு மதுக்கடையை மையமாக வைத்து 'குகுலெக்டிவ்' என்ற கலைக்குழுவை ஆரம்பித்தவர்கள். நகர மையத்துக் கேலரிகள் தங்கள் பகுதிக்கு வராது என்று தெரிந்து, குடிக்க வருகிறவர்கள் மத்தியிலேயே கண்காட்சி வைத்தார்கள். அந்த மதுக்கடைக்கும் இந்தக் குதிருக்கும் இடையே இருந்த தூரத்தை இந்த அழைப்பு கொஞ்சம் குறைத்தது. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இளம் கியூரேட்டர்களுக்கான பயிற்சித் திட்டமும் வந்தது. ஒருவர் போனால் மூன்று நாற்காலி காலியாகும் நிலை திரும்பக் கூடாது என்றால் இதுதான் வழி.

வலியை ஒதுக்கி வைத்த கண்காட்சி

2022 நவம்பரில் குவோவும் டண்டஸானி த்லகாமாவும் சேர்ந்து 'வென் வீ சீ அஸ்' என்ற கண்காட்சியைத் திறந்தார்கள். கறுப்பின ஓவியர்கள் கறுப்பின மனிதர்களை வரைந்த நூறாண்டு வரலாறு. அடிமை வணிகம், நிறவெறி, வன்முறை, வறுமை ஆகியவற்றை நடுவில் வைக்கக் கூடாது என்று திட்டமிட்டே முடிவெடுத்தார்கள். ஆறு பிரிவுகள்: அன்றாடம், கொண்டாட்டம், ஓய்வு, காமம், ஆன்மிகம், வெற்றியும் விடுதலையும். கின்ஷாசாவின் இரவு நடனத்தை வரைந்த மோகே, நிறவெறிக் காலத்தில் ஊர் வாழ்க்கையை வரைந்த ஜார்ஜ் பெம்பா, கானாவின் அமோவாகோ பொஆஃபோ, சாய்ந்து ஓய்வெடுக்கும் பெண்களை வரையும் இளைய தலைமுறையின் ஸண்டிலே ட்ஷபலாலா என்று ஒரே சுவரில் மூன்று தலைமுறைகள் சந்தித்தன.

ஓய்வு என்ற பிரிவு எனக்கு முக்கியமாகப் பட்டது. கறுப்பின உடல் என்றால் உழைக்கும் உடல் அல்லது அடிபடும் உடல் என்றே உலக ஓவியம் பழக்கிவைத்திருக்கிறது. சோபாவில் படுத்துக்கொண்டு பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணை வரைவது சாதாரண விஷயம் அல்ல. போராட்ட வரலாற்றை மறைக்கிறார்கள் என்ற விமர்சனம் எழக்கூடியதுதான். ஹாரிசனின் ஓவியம் போன்றவற்றுக்கு இந்தக் கண்காட்சியில் நடு இடம் இல்லை. ஆனால் அந்த வரலாறு நகரின் மற்ற அருங்காட்சியகங்களில் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. மகிழ்ச்சியின் வரலாறுதான் விடுபட்டிருந்தது.

2024-இல் கண்காட்சி சுவிட்சர்லாந்தின் பாசல் போனது, 2025-இல் பிரஸ்ஸல்ஸ் போனது. 2024 டிசம்பரில் வெனிஸ் பினாலேயின் 2026 பதிப்புக்குக் குவோவைக் கியூரேட்டராக அறிவித்தார்கள். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர். 2025 மே 10 அன்று, கண்காட்சியின் தலைப்பை அவர் அறிவிக்கவிருந்த சில நாட்களுக்கு முன், 57 வயதில் காலமானார். அவர் எழுதிவைத்த திட்டப்படியே 'இன் மைனர் கீஸ்' என்ற தலைப்பில் அதை நடத்துவதென்று பினாலே முடிவெடுத்தது. அவர் தேர்ந்தெடுத்த குழுவே வேலையை ஏற்றது. 2018-ஐ நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அன்று ஒருவர் வெளியேறியதும் எல்லாம் ஆட்டம் கண்டது. இந்த முறை இழப்பு பல மடங்கு பெரிது, ஆனால் வேலை தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள்.

தீராமல் நிற்பவை

சேகரிப்பின் கடன் ஒப்பந்தம்தான் என்னை அதிகம் உறுத்துவது. அருங்காட்சியகம் தனக்கென்று சொந்தச் சேகரிப்பை வளர்க்காவிட்டால், ஸைட்ஸின் படைப்புகள் திரும்பிப் போகும் நாளில் நடுக்கூடமும் வெள்ளைச் சுவர்களும் மட்டும் மிஞ்சும். படைப்புகளை வாங்க அரசு நிதி தராது. தனியார் நன்கொடை தருபவர்கள் பெயர்ப் பலகைக்குத்தான் தருவார்கள், படைப்பை வாங்கித் தருபவர்கள் குறைவு. ஓய்வூதிய நிதிக்கு வளாகத்தில் பாதிப் பங்கு இருக்கும்போது, அதன் லாபத்தில் ஒரு சிறு விழுக்காடு ஆண்டுதோறும் நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளை வாங்கப் போக வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல என்று நினைக்கிறேன். அப்படி வாங்கியவை அந்த ஓய்வூதியக்காரர்களின் பிள்ளைகளுக்கும் சொந்தமாகும்.

இலவச நேரமும் அப்படித்தான். புதன்கிழமை மூன்று மணி நேரம் என்பதைச் சனிக்கிழமை முழுநாளாக மாற்றி, கயலிட்சா, மிட்செல்ஸ் பிளெயின் போன்ற புறநகர்களிலிருந்து பேருந்து விட்டாலே போதும். 2020-இல் 2,000 படங்களை ஊர் முழுக்கத் திரட்டிய குழுவுக்கு வழி தெரியாதது அல்ல இது. வளாகத்தின் உரிமையாளர்கள் செலவை ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.